ஏழாம் பயிற்சி

கோலை விடத் தெரியாத பிள்ளைகளுக்குத்தான் நான் கோலூன்றிப் பாய்தல் சொல்லிக்கொடுத்தேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஓடி வந்து, கோலை ஊன்றி, மேலே எழுந்து, குறுக்குச்சட்டத்தைத் தாண்டுகிற நேரம் கோலைக் கையிலிருந்து விட வேண்டும். விடாவிட்டால் கோலோடு சேர்ந்து வந்த வழியே திரும்பி விழ வேண்டியதுதான். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் விழுந்தார்கள். ஒன்றிரண்டு பேர் அல்ல, கோலைத் தொட்ட அத்தனை பேரும்.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் போனது. மன்னார்த் தீவில் நான் படிப்பிக்கிற பாடசாலைக்குப் பேசாலையிலிருந்தும் ஓலைத்தொடுவாயிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலும் கடற்றொழில் வீடுகள். கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் வள்ளத்தை நீளத் தடி ஊன்றித்தான் தள்ளுவார்கள். சில இடங்களில் தடி சேற்றில் இறுகிப்போகும், வள்ளமோ முன்னால் போய்க்கொண்டிருக்கும். தடியைப் பிடித்திருந்தால் ஆள் தண்ணீரில். தடியை விட்டால் ஆள் வள்ளத்தில், தடி கடலில். இந்தக் கரையில் இரண்டாவதைச் செய்வது பெரிய வெட்கம். விழு, ஆனால் தடியோடு எழும்பு என்று பால்குடி மறந்த நாளிலிருந்து சொல்லி வளர்க்கிறார்கள். எப்போதோ ஒரு தரம் தடியை விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு ஊரில் ‘தடி நட்டவர்’ என்று பெயர். அவருடைய பேரனையும் வகுப்பில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் தொழிலுக்குப் போவதில்லை என்றாலும், கரையில் கட்டி நிற்கிற வள்ளத்தில் ஏறித் தடி பிடிக்காத பெண்பிள்ளை எங்கள் வகுப்புகளில் இல்லை.

ஓலைத்தொடுவாயிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருத்தி, அப்போது எட்டாம் வகுப்பு. அவள்தான் எங்கள் மைதானத்தில் முதன்முதல் கோலூன்றி எழுந்தவள். மூன்றடி ஓடி, ஊன்றி, அழகாக எழுந்தாள். கோல் செங்குத்தாக நின்றது. அவளும் மேலே நின்றாள். பிறகு கோலும் அவளும் ஒன்றாகப் பின்பக்கம் சாய்ந்து வந்து மணலில் விழுந்தார்கள். ஓடிப்போய்த் தூக்கினேன்.

“ஏனடி விடேல்லை?”

“விடுவனே, டீச்சர்?” என்றாள். வாயெல்லாம் மணல், முகமெல்லாம் பெருமை. “கடைசிமட்டும் பிடிச்சிருந்தனான்.”

அவளை என்ன செய்வது? நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போய்க் கொப்பியைத் திறந்து இதற்கு ஒரு பயிற்சி யோசிக்கத் தொடங்கினேன்.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முதல் என் தோழியைப் பற்றி.

கல்வியியற் கல்லூரி விடுதியில் அவளுடைய கட்டிலும் என்னுடைய கட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. என் மகளுக்கு ஞானத்தாய் அவள்தான். திருமுழுக்கில் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவள். அவளுக்குப் பெருநிலத்தில், பெரியமடுவுக்கும் அப்பால், வயலும் குளமுமான ஓர் ஊரில் பாடசாலை கிடைத்தது. எனக்குத் தீவில். இருவரும் விளையாட்டு ஆசிரியைகள். எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகளுக்குக் கோலூன்றிப் பாய்தல் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று, எங்கள் இருவரையும் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

முப்பத்தைந்து வயதைத் தாண்டிய இரண்டு பேர், வீட்டில் பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு வந்து, கோலில் தொங்குகிறோம். பயிற்றுநர் சின்னப் பெடியன். “அக்கா, பாத்து, பாத்து” என்று எங்களைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தான். முதல் நாள் ஒருவர் கோலைப் பிடிக்க மற்றவர் தொங்கிப் பழக வேண்டும். எனக்கு உயரம் என்றால் பயம். அவள் கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “நான் பிடிச்சிருக்கிறன், நீ ஏறு” என்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். கோல் அசையவேயில்லை. அவளை நம்பியதற்கு எனக்கு அந்த ஐந்து நாளும் ஒரு குறையும் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வரும்போது கல்விக் கந்தோரில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃபைபர் கோல் தந்தார்கள். முறை வைத்துப் பாவிப்போம் என்று பேசிக்கொண்டோம். அவளுடைய முறை வரும்போது பஸ்ஸின் கூரையில் கட்டி அனுப்புவேன். சாரதிமார் ஏசிக்கொண்டே கட்டுவார்கள்.

மெத்தை இல்லை. மணலுக்குப் பஞ்சமில்லாத இடம் என்றாலும் வெறும் மணல் போதாது. பேசாலையில் ஒரு பிள்ளையின் தகப்பன் கழித்துப்போட்ட வலைகளைச் சேர்த்து, வலை பொத்துகிற ஊசியாலேயே பெரிய பையாகப் பின்னித் தந்தார். அதற்குள் பழைய மெத்தைப் பஞ்சு, தும்பு, கிழிந்த சாரம் எல்லாம் அடைத்தோம். கொஞ்சம் மீன் மணக்கும். விழுந்து எழும்புகிற பிள்ளைகளும் மணப்பார்கள்.

பயிற்சியில் படித்தது எங்கள் மைதானத்துக்கு அப்படியே பொருந்தவில்லை. அதனால் ஒவ்வொன்றாக நானே ஒழுங்குபடுத்திக் கொப்பியில் எழுதினேன். முதலில் கோலைத் தூக்கிக்கொண்டு வெறும் நடை. ஒரு கிழமை நடந்ததில் பிள்ளைகளுக்கு அலுத்தே போயிற்று. பிறகு ஓரடி வைத்து மணலில் ஊன்றுவது. மேல்கை தலைக்கு நேர் மேலே நீண்டிருக்க வேண்டும், உதைக்கிற கால் அந்தக் கைக்கு நேர் கீழே வர வேண்டும். வள்ளம் தள்ளிப் பழகிய பிள்ளை கையை மடித்து நெஞ்சோடு வைத்துத்தான் ஊன்றும். அந்தக் கையை நிமிர்த்தவே பல நாள் மல்லுக்கட்டினேன். அதன்பிறகு மைதான ஓரத்து மண்மேட்டில் நின்று, கோலைப் பிடித்தபடி பள்ளத்துக்குப் பாய்வது, மூன்றடி ஓட்டம், ஐந்தடி ஓட்டம், மேலே காலை வீசுவது. ஒன்றில் கை தேறாமல் அடுத்ததற்கு விடமாட்டேன். கெஞ்சினாலும் விடமாட்டேன்.

வலப்பக்கத் தாளில் படம் போடுவேன். எனக்கு முகம் கீற வராது. அதனால் உருவம் எல்லாவற்றுக்கும் பின்பக்கமாக இரட்டைப் பின்னல் போட்டுவிடுவேன். எங்கள் பிள்ளைகள் அப்படித்தானே மைதானத்தில் நிற்கிறார்கள். இடப்பக்கத் தாளில் பென்சிலால் குறிப்பு: யாருக்கு எது வரவில்லை, எதில் கவனம் வேண்டும், எது யாருக்குக் கொடுக்கக்கூடாது.

ஏழாவது பயிற்சிதான் விடுகிற பயிற்சி. நான் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிள்ளை மேலே தொங்கும். கோலை மெல்ல நிமிர்த்தி, அது நேராக வருவதற்குச் சற்று முன்னால், “விடு!” என்று கத்துவேன். சொல் காதில் விழுந்த கையோடு விரல் திறக்க வேண்டும். எங்கே நிற்கிறோம் என்று பார்க்கக்கூடாது, யோசிக்கக்கூடாது. எங்கள் பிள்ளைகள் எப்படியும் ஒரு நொடி பிந்துவார்கள் என்று தெரிந்ததால்தான் அந்தச் சொல்லை ஒரு நொடி முந்திச் சொன்னேன். அவர்கள் விடுகிற நேரம் கோல் வலைப்பைக்கு மேலே சாய்ந்திருக்கும்.

தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்று முதலில் நினைத்தேன். ஒருத்தி கோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அம்மா ஏசுவா, டீச்சர்” என்று அழுதாள். பிறகு ஒரு நாள் அந்த ஓலைத்தொடுவாய்க்காரி கையைத் திறந்தாள். வலைப்பையில் மல்லாக்க விழுந்து, தன் வெறும் கையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதன்பிறகு ஒவ்வொருத்தியாக. மூன்று மாதத்தில் என் சொல்லுக்குக் கை திறக்கிற பிள்ளைகள் பதினொரு பேர் இருந்தார்கள். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி என் கணவரின் காது புளித்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை தோழியின் பாடசாலைக்குப் போனேன். அவளுடைய பிள்ளைகளைப் பார்த்தபோது வேறு உலகமாக இருந்தது. குளத்துக்குச் சாய்ந்த மருதங்கொப்பில் தொங்கி, கையை விட்டுத் தண்ணீரில் குதித்து வளர்கிற பிள்ளைகள். விடுவதற்கு அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோல் பாதி எழும்புமுன்பே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குப் பிடித்திருக்கத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

“இஞ்ச பார்,” என்றேன் அவளிடம். “ஏழாவதை உன்ர பிள்ளையளுக்குக் குடுத்திடாதை. இதுகள் முந்தி விட்டிட்டுப் பின்பக்கம் விழும். அந்தப் பக்கம் வெறும் தரை.”

“எனக்குத் தெரியாதே?” என்றாள். குளக்கட்டில் குந்தியிருந்து சோளம் தின்றுகொண்டிருந்தோம். அவள் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம், ஏனென்றால் சொல்லிவிட்டு என் கையிலிருந்த பொத்தியையும் பறித்துக் கடித்தாள். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏழாம் பயிற்சிக்கு இடப்பக்கம் எழுதினேன்: ‘விட மறுக்கிற பிள்ளைக்கு மட்டும். விடத் தெரிந்த பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.’

அடுத்த திருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டு முடிந்ததும் கொப்பியை எடுத்துப் புரட்டினாள். “ஒருக்காக் கொண்டுபோட்டுத் தாறன்” என்றாள். நான் பொலித்தீன் பையில் சுற்றியே கொடுத்தேன், மழைநாள் என்று. ஒரு மாதம் கழித்து அதே பையில் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் திருப்பித் தந்தாள். பாவம், எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். என்னைப்போல ஒரு மடைச்சி இருப்பாளா?

இரண்டு ஆண்டு கழித்து ஒரு கடிதம் வந்தது. விளையாட்டு ஆசிரியர்களுக்கு ஒருநாள் செயலமர்வு: ‘ஆரம்ப நிலை மாணவர்களுக்குக் கோலூன்றிப் பாய்தல்’. கட்டாயம் சமுகமளிக்க வேண்டும். வளவாளர், அதாவது பயிற்சி நடத்துபவர் என்று அவளுடைய பெயர். எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. இவள் ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று ஒரு சின்னக் கோபம், அவ்வளவுதான்.

மைதானத்துக் கொட்டகைக்குள் பிளாஸ்டிக் கதிரைகள். வரவுப் பதிவில் கையெழுத்து வைத்ததும் ஆளுக்கொரு கைந்நூல் தந்தார்கள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து விரித்தேன். உள்ளே ஒரு பெண்பிள்ளை கோலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். முகம் இல்லை. இரட்டைப் பின்னல்.

அடுத்த தாள். இரட்டைப் பின்னல். அதற்கடுத்த தாள். என் கோடுகள், ஒரு பின்னல் எப்போதும் மற்றதைவிடக் கட்டையாக வருகிற என் கைப்பிழைகூட அப்படியே இருந்தது. பத்துப் பயிற்சிகள், நான் வைத்த ஒழுங்கில், நான் எழுதிய சொற்களில். அட்டையில் ‘ஆக்கம்’ என்று அவளுடைய பெயர். என் பெயர் எங்காவது நன்றியிலாவது இருக்கும் என்று கடைசித் தாள்வரை தேடினேன். இல்லை.

முன்னால் ஒலிவாங்கியோடு நின்ற அவள் என்னைக் கண்டாள். கண்டதும் சிரித்தாள். “தீவுப் பக்கமிருந்தும் டீச்சர் வந்திருக்கிறா. வாங்கோ டீச்சர், நீங்கள் இந்தக் கோலைத் தூக்கிக் காட்டுங்கோ” என்றாள். இருபது வருடத்தில் அவள் என்னை நீங்கள் என்று சொன்னது அன்றைக்குத்தான். நான் எழுந்து போனேன், கோலைத் தூக்கிக்கொண்டு நடந்து காட்டினேன். என்னுடைய முதலாம் பயிற்சியை எனக்கே படிப்பித்தாள். “மேல்கை கொஞ்சம் நிமிரட்டும், டீச்சர்” என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

மத்தியானம் சோற்றுப் பார்சலோடு வந்து பக்கத்தில் இருந்தாள். இப்போது பழைய நீ.

“கோவிக்காதை, என்ன? ஒராளின்ர பேர்தான் போடலாம் எண்டு கந்தோரில சொன்னவை.”

“அப்ப என்ர பேரைப் போட்டிருக்கலாமே.”

“போட்டா நீ வந்து மேடையில நிப்பியோ? மைக்கைக் கண்டா நீ ஓடி ஒளிப்பாய்.”

அது உண்மை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. என்னை நன்றாகத் தெரிந்தவளால்தான் இப்படி அளந்து எடுக்க முடியும். சோற்றுப் பார்சலை மூடி வைத்தேன்.

“ஏழாவதுக்குப் பென்சிலால எழுதினது எங்க?” என்று கேட்டேன்.

“எல்லாப் பாடசாலைக்கும் பொதுவாக் கேட்டவை. பக்கமும் கூடுது. அதால விட்டிட்டன்.”

“விடுறதோ? பிள்ளையள் விழப் போகுதுகள். பின்னேரம் வாயாலயாவது சொல்லு.”

“சொல்லுறன், சொல்லுறன். நீ சாப்பிடு.”

பின்னேரம் ஏழாம் பயிற்சி வந்தது. அவள் செய்து காட்டினாள். “விடு!” என்று என்னுடைய சொல்லை, என்னைப்போலவே கத்தினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. எட்டாவதுக்குப் போனாள். பெருநிலத்து ஆசிரியர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஏன் எழும்பவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். மைக்குக்குப் பயம் என்று சொல்லித் தப்பலாம். அது முழு உண்மை அல்ல. என் நெஞ்சில் அப்போது ஒன்றுதான் இருந்தது: இவளுடைய புத்தகம் பிழைக்கட்டும், இவள் எல்லாருக்கும் முன்னால் வெட்கப்படட்டும். பிள்ளை ஒன்று விழும் என்று நான் நினைக்கவில்லை. அவள் விழுவாள் என்றுதான் நினைத்தேன். கைந்நூலைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விழுந்தது ஒரு பிள்ளைதான். இரண்டு மாதம் கழித்து, பெருநிலத்தில் ஒரு பாடசாலையில், பதின்மூன்று வயதுப் பெண். ஆசிரியர் கைந்நூலைப் பார்த்து, கோலைப் பிடித்துக்கொண்டு, “விடு” என்றிருக்கிறார். அவள் சொல் முடியுமுன்பே விட்டுவிட்டாள். பின்பக்கம், வெறும் தரையில், முழங்கை அடிபட விழுந்தாள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

நான் பார்க்கப் போனேன். அவளுடைய தாய்க்கு நான் யார் என்று தெரியாது. வேறு பாடசாலை டீச்சர் பார்க்க வந்திருக்கிறா என்று தேத்தண்ணி தந்தார். பிள்ளை கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு, “டீச்சர், சேர் சொன்ன உடன விட்டனான். நான் செய்தது பிழையோ?” என்று கேட்டாள். இல்லை மகள், நீ செய்தது சரி என்றேன். அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியாது.

அடுத்த கிழமை எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆம், எனக்கு. என் தோழி எழுதிக் கொடுத்திருந்தாள்: ஏழாம் பயிற்சி தன்னுடையது அல்ல; தீவுப் பாடசாலை ஆசிரியை ஒருவரின் கொப்பியிலிருந்து நம்பிக்கையின் பேரில் எடுத்தது; மூலக்கொப்பி அவரிடம் உள்ளது. பத்துப் பயிற்சிக்கும் அவளுக்குப் பாராட்டு வந்த நாளில் என் பெயர் இல்லை. ஒன்று பிழைத்த நாளில் என் பெயர், பாடசாலை, பதவி எல்லாம் எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது.

“உங்களை நிப்பாட்டுறது அவையின்ர நோக்கமில்லை,” என்றார் எங்கள் அதிபர். “ஆனா விசாரணையில உங்கட பிழை எண்டு வந்தா, இஞ்ச கோலூண்டிப் பாயிறது இனி இல்லை. அதை யோசிச்சுக் கதையுங்கோ.” மைதானத்தில் பதினொரு பேரும் வலைப்பையைத் தட்டி மணல் உதறிக்கொண்டிருந்தார்கள். ஓலைத்தொடுவாய்க்காரி அப்போது பதினோராம் வகுப்பு. மாகாணப் போட்டிக்கு ஆறு கிழமை இருந்தது.

கல்விக் கந்தோருக்குக் கொப்பியோடு போனேன். என்னிடம் அந்தப் பென்சில் குறிப்பு இருக்கிறது, இனி என்ன பயம் என்ற தைரியம். விசாரணைக்கு வந்த ஐயா தாள் தாளாகப் புரட்டினார். மேசைக்கு மறுபக்கம் அவள், என் மகளின் முதல்நன்மைப் பூசைக்கு உடுத்த அதே நீலச் சீலை.

“படங்கள் உங்கடதானே, டீச்சர்?”

“ஓம், ஐயா. எல்லாம் என்ரதான்.”

எவ்வளவு நாள் அந்த வசனத்தைச் சொல்ல ஏங்கியிருப்பேன். அதைச் சொல்லக் கிடைத்த இடத்தைப் பாருங்கள். எழுதுவினைஞர் அதை அப்படியே பதிந்துகொண்டார்.

இடப்பக்கக் குறிப்பைக் காட்டினேன். ஐயா வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார். “இது நல்லாத்தான் எழுதியிருக்கு. இதை நீங்கள் அவவுக்குச் சொன்னனீங்களோ?”

“சொன்னனான். அவவின்ர பாடசாலைக் குளக்கட்டில வைச்சு. செயலமர்வு நடந்தண்டு மத்தியானமும் சொன்னனான்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள். “அப்பிடிச் சொன்னதா எனக்கு ஞாபகமில்லை, ஐயா” என்றாள்.

கொப்பியை எடுத்ததைக்கூட நான் எப்படியோ விழுங்கிவிட்டேன். என் கையிலிருந்த சோளப்பொத்தியைப் பறித்துக் கடித்தவள், அந்தப் பின்னேரமே நடக்கவில்லை என்கிறாள். வயிற்றுக்குள் கை விட்டு அந்த நாளையும் உருவி எடுத்தது போலிருந்தது.

ஐயா ஒரு தாளை என் முன்னால் தள்ளினார். செயலமர்வு வரவுப் பதிவு. “நீங்கள் அண்டைக்கு இருந்திருக்கிறியள். கையெழுத்து உங்கடதானே? பிழை எண்டு தெரிஞ்சும் ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

முடிவு பத்து நாளில் வந்தது. எங்கள் பாடசாலையில் மறு அறிவித்தல்வரை கோலூன்றிப் பாய்தல் நடத்தக்கூடாது. மாகாணப் போட்டியும் அதற்குள் அடக்கம். கைந்நூல் திருத்தப்பட்டு மற்றப் பாடசாலைகளில் தொடரும். திருத்திய பிரதி ஒன்று எனக்கும் வந்தது. ஏழாம் பயிற்சிக்குக் கீழே பெட்டி போட்டு, ‘விட மறுக்கிற பிள்ளைக்கு மட்டும்’ என்று என் பென்சில் வசனம், இப்போது அச்சில். அட்டையில் பழைய பெயர்தான். அன்று பின்னேரம் வாட்ஸ்அப்பில் அவளிடமிருந்து செய்தி: ‘சின்னவளின்ர உறுதிப்பூசுதலுக்கு என்ன நிறத்தில சீலை உடுக்க?’ உறுதிப்பூசுதலன்று கோயிலில் ஞானத்தாய் பின்னால் நின்று பிள்ளையின் தோளில் கை வைக்க வேண்டும். நான் இன்னும் பதில் எழுதவில்லை. மகள் தினமும் கேட்கிறாள்.

ஃபைபர் கோலை எடுத்துப்போகக் கல்விக் கந்தோர் வான் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, இடைவேளை நேரம். கடிதத்தோடு இரண்டு பேர். நான் கோலை எடுத்துக் கொடுத்து, களஞ்சிய அறையைப் பூட்டிவிட்டு வருமுன்பே ஓலைத்தொடுவாய்க்காரி கோலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற நுனி வான்காரரின் கையில்.

“பிள்ளை, விடுங்கோ, கந்தோர்ச் சாமான்” என்றார் ஒருவர்.

“ஏலாது. இது எங்கட கோல்.”

அவர் சிரித்துக்கொண்டே இழுத்தார். அவள் குதிக்காலை மணலில் ஊன்றிக்கொண்டாள். பிறகு அவர் சிரிக்காமல் இழுத்தார். மற்றப் பிள்ளைகள் ஓடி வந்து ஒவ்வொருத்தியாகக் கோலில் கை வைத்தார்கள், பதினொரு பேரும். இரண்டு பெரிய ஆண்களால் ஒரு சாண் நகர்த்த முடியவில்லை. விறாந்தையில் அதிபர் வந்து நின்று என்னைப் பார்த்தார். பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். பிடியுங்கோ என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், பின்னேரம் வரைக்கும் நின்றிருப்பார்கள். எங்கள் கரைப் பிள்ளைகள். என்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

“விடு” என்றேன்.

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். அத்தனை கையும் ஒரே நேரத்தில் திறந்தன. ஒருத்தியும் யோசிக்கவில்லை, ஒருத்தியும் பிந்தவில்லை. மூன்று வருடமாக நான் பழக்கியது அப்படி. வான்காரர் கோலோடு பின்னால் தடுமாறிப்போய் மணலில் குந்திவிட்டார்.

ஓலைத்தொடுவாய்க்காரி தன் வெறும் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. செயலமர்வன்று மூன்றாம் வரிசையில், கைந்நூலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, நான் என் தோழியை அப்படித்தான் பார்த்தேன்.